ஆக்வர்ட்: ஒரே சொல், ஏழெட்டு இடங்கள், எதை எங்கே சொல்வது

ஆங்கிலம் நன்றாகவே பேசுகிறவர்கள்கூட ஆக்வர்ட் என்ற சொல்லிடம் வந்ததும் ஒரு நொடி தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அர்த்தம் தெரியாமல் இல்லை. ‘சங்கடமான’ என்று எப்போதோ படித்து மனதில் வைத்திருப்பார்கள். ஆனால் கிரிக்கெட் வர்ணனையாளர் ‘ஹி லேண்டட் ஆக்வர்ட்லி’ என்று சொல்லும்போது அங்கே யாருக்கு என்ன சங்கடம்? மாடிப்படியில் சோஃபாவைத் தூக்கிக்கொண்டு போகிறவர் ‘இட்ஸ் நாட் ஹெவி, ஜஸ்ட் ஆக்வர்ட்’ என்கிறாரே, சோஃபாவுக்கு எதற்குக் கூச்சம்? மனப்பாடம் செய்த அந்த ஒற்றை அர்த்தம் இந்த இடங்களில் கைகொடுக்காது. ‘ஆக்வர்ட் சைலன்ஸ்’ என்பதை ‘மோசமான அமைதி’ என்று யாரோ மொழிபெயர்த்து சப்டைட்டிலில் போட்டிருந்ததைப் பார்த்தேன், மனசு ஆறவில்லை. அந்த அமைதியில் மோசம் எதுவும் இல்லை, அடுத்து யார் பேசுவது என்று தெரியாமல் எல்லோரும் நெளிகிறார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நான் பிடித்து வைத்திருக்கும் வழி ஒன்றுதான். அர்த்தத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். ஆக்வர்ட் என்ற சொல்லைக் கேட்டாலோ சொல்ல நினைத்தாலோ ‘இங்கே எது எதோடு பொருந்தவில்லை?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பு அசைவோடு பொருந்தவில்லையா, பொருள் கைக்குப் பொருந்தவில்லையா, நேரம் வேலையோடு பொருந்தவில்லையா, ஆள் கூட்டத்தோடு பொருந்தவில்லையா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் சரியான தமிழ்ச் சொல் தானாக வந்து நிற்கும். இது நானாகக் கற்பனை செய்த சூத்திரம் இல்லை, அந்தச் சொல் பிறந்த விதமே அப்படி.

சொல் எங்கிருந்து வந்தது

ஃபார்வர்ட், பேக்வர்ட், அப்வர்ட், ஹோம்வர்ட் எல்லாம் தெரிந்த சொற்கள். கடைசியில் வரும் ‘வர்ட்’ திசையைக் காட்டுவது: முன் பக்கமாக, பின் பக்கமாக, மேல் பக்கமாக, வீட்டுப் பக்கமாக. ஆக்வர்ட்டும் அதே குடும்பம். முன்னால் இருக்கும் ‘ஆக்’ இன்று வழக்கில் இல்லாத ஒரு பழைய சொல். ஸ்காண்டிநேவியப் பகுதியில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. பொருள், தலைகீழாக, எதிர்ப்பக்கம் திரும்பிய. ஆக, ஆக்வர்ட் என்றால் ‘தப்பான பக்கமாக’. 14-ம் நூற்றாண்டு வாக்கில் அந்தப் பொருளில்தான் வினையடையாக வழங்கியது. கப்பலுக்கு எதிராக அடிக்கும் காற்றையும் ஒரு காலத்தில் ஆக்வர்ட் காற்று என்று எழுதியிருக்கிறார்கள்.

இதே வேரிலிருந்து ஸ்வீடிஷ் மொழியில் ‘ஆவிக்’ என்ற சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. துணியின் உள்பக்கத்தை, அதாவது தையல் பிசிறுகள் தெரியும் பக்கத்தை, அந்தச் சொல்லை வைத்துத்தான் குறிப்பிடுகிறார்கள். எனக்கு இந்தச் சொல் நன்றாகப் புரிந்தது இந்தத் தகவல் தெரிந்த அன்றுதான். அவசரத்தில் சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சட்டை அதேதான், அளவும் அதேதான், ஆனால் தையல் கழுத்தில் உரசுகிறது, பட்டன் கைக்கு வாட்டமாக வரவில்லை, யாராவது பார்த்துவிட்டால் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உடம்புக்கு வாட்டமின்மை, கைக்கு வாட்டமின்மை, மனசுக்குச் சங்கடம் என்று ஆக்வர்ட்டின் மூன்று பெரிய பொருள்களும் அந்த ஒரு சட்டையிலேயே இருக்கின்றன.

திசையைக் குறித்த சொல் 16-ம் நூற்றாண்டில் பாங்கில்லாத அசைவுகளுக்கும், பிறகு 18-ம் நூற்றாண்டில் மனசின் சங்கடத்துக்கும் நகர்ந்து வந்தது. வெளியிலிருந்து உள்ளே போன பயணம்.

உடம்பு, பொருள், இடம்

எளிதான பொருளிலிருந்து தொடங்கலாம். நடை, ஓட்டம், நடனம் எதிலாவது இசைவு இல்லாமல் கைகால் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் என்று இருந்தால் ‘ஆக்வர்ட் டான்சர்’, ‘ஆக்வர்ட் வாக்’ என்பார்கள். புதிதாக நீச்சல் பழகுகிறவர், இடது கையால் எழுதிப் பார்க்கும் வலது கைக்காரர், ஹை ஹீல்ஸ் போட்டு முதல் நாள் நடக்கிறவர் எல்லோரும் இந்த வகை. தமிழில் ‘பாங்கில்லாத’, ‘தடுமாற்றமான’, எழுத்தாக இருந்தால் ‘கோணல்மாணலான’.

வர்ணனையாளர் சொன்ன ‘லேண்டட் ஆக்வர்ட்லி’க்கு இப்போது விடை கிடைத்துவிடும். கேட்ச் பிடிக்கத் தாவிய ஃபீல்டர் தரையில் இறங்கும்போது கால் உடம்பின் எடையைத் தாங்க வேண்டிய திசையில் இல்லை, கணுக்காலோ முட்டியோ மடங்கிவிட்டது. தமிழில் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: எக்குத்தப்பாக விழுந்துவிட்டார். ஆட்டத்தில் அந்த வார்த்தை காதில் விழுந்தால் அடுத்து ஃபிசியோ ஓடி வருவாரா என்று பார்க்கலாம், ஏனென்றால் அடிபட்டிருக்குமோ என்ற கவலையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘ஆக்வர்ட் பவுன்ஸ்’ என்றால் எதிர்பார்த்த உயரத்துக்கு வராமல் ஏடாகூடமாக எழும்பிய பந்து. ‘ஆக்வர்ட் லெங்த்’ என்றால் முன்னால் போய் ஆடுவதா பின்னால் போய் ஆடுவதா என்று பேட்ஸ்மேனைத் திணற வைக்கும் இடத்தில் விழுந்த பந்து. எதிலும் வெட்கம் கிடையாது, பொருத்தமின்மை மட்டும்தான்.

அடுத்தது பொருள்கள். சோஃபா எடை குறைவுதான், ஆனால் பிடிக்க வாகான இடம் இல்லை, படி திரும்பும் இடத்தில் சுவரில் இடிக்கிறது. இதுதான் ‘ஆக்வர்ட் டு கேரி’. தமிழில் ‘தூக்க வாட்டமா இல்லை’, ‘தோதுப்படலை’ என்போம். வாட்டம், தோது, வாகு ஆகிய மூன்று சொற்களும் இந்தப் பொருளுக்குத் தைத்து வைத்த மாதிரி இருக்கும்போது ‘சங்கடமான சோஃபா’ என்று எழுதத் தேவையே இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்துவிட்ட சார்ஜர், கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தால் மட்டும் தெரியும் திரை, இரண்டு கையும் பிஸியாக இருக்கும்போது ஒற்றை விரலால் திறக்க வேண்டிய கதவு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

நேரத்துக்கும் இதைச் சொல்வார்கள். போனில் முதல் வார்த்தையாக ‘இஸ் திஸ் அன் ஆக்வர்ட் டைம்?’ என்று கேட்டால் ‘தொந்தரவு பண்ணிட்டேனா, அப்புறம் கூப்பிடட்டுமா?’ என்று அர்த்தம். இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், முக்கியமாக பிரிட்டிஷ் ஆங்கிலம் பேசுகிறவர்களோடு வேலை பார்க்கிறவர்கள். ‘தர்ஸ்டே இஸ் எ பிட் ஆக்வர்ட் ஃபார் மி’ என்று ஒருவர் எழுதினால் வியாழக்கிழமை கொஞ்சம் சிரமம், ஆனாலும் சமாளித்துவிடுவார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் ‘வியாழக்கிழமை முடியாது’ என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார். ‘எ பிட்’ என்ற ஒட்டைப் பார்த்து ஏமாறாமல் வேறு நாளைக் கேளுங்கள்.

மனசுக்குள் வரும் ஆக்வர்ட்

இப்போது எல்லோரும் அதிகம் பயன்படுத்துகிற, அதிகம் தவறுகிற இடம். லிஃப்டில் அரைகுறையாகத் தெரிந்த ஒருவரோடு பன்னிரண்டு மாடி ஏறுகிறீர்கள். முதல் மாடியிலேயே ‘நல்லா இருக்கீங்களா’ முடிந்துவிட்டது. மீதிப் பதினொரு மாடிக்கு என்ன செய்வது? போனைப் பார்க்கலாம், மேலே மாறும் எண்களைப் பார்க்கலாம், எதையாவது பார்த்துத்தான் ஆக வேண்டும். யார் மீதும் தப்பில்லை, யாரும் யாரையும் புண்படுத்தவில்லை, ஆனாலும் காற்றில் ஒரு நெருடல். அதுதான் ‘ஆக்வர்ட் சைலன்ஸ்’. அல்லது தெருவில் எதிரே வருகிறவர் கையசைக்கிறார், நீங்களும் உற்சாகமாகக் கையசைத்துவிடுகிறீர்கள், அப்புறம்தான் தெரிகிறது அவர் உங்களுக்குப் பின்னால் வந்தவருக்குக் கையசைத்திருக்கிறார். தூக்கிய கையைத் தலையைச் சொறிவது போல மாற்றிக்கொள்கிறோம் பாருங்கள், அந்த மூன்று நொடிதான் ‘ஆக்வர்ட் மொமென்ட்’. ஒருவர் கைகுலுக்கக் கை நீட்ட, இன்னொருவர் கட்டிக்கொள்ள வர, நடுவில் ஏதோ ஒன்று நடந்து முடிகிறதே, அதுவும்.

இந்த உணர்வுக்குப் பேச்சுத் தமிழில் நாம் எல்லோரும் தினமும் சொல்லும் ஒரு தொடர் இருக்கிறது, அகராதிகள்தான் அதைக் கண்டுகொள்வதில்லை. ‘ஒரு மாதிரியா இருக்கு.’ ஐ ஃபீல் ஆக்வர்ட் என்பதற்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரிந்து இல்லை. எழுத்துநடை வேண்டுமென்றால் ‘சங்கடமாக இருக்கிறது’, பெரியவர்கள் முன்னாலோ புது இடத்திலோ என்றால் ‘கூச்சமாக இருக்கிறது’.

‘அன் ஆக்வர்ட் பொசிஷன்’ கொஞ்சம் கனமானது. உங்கள் நண்பர் வேலையை விடப் போகிறார், உங்களிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் மேலாளர் உங்களைக் கூப்பிட்டு ‘அவர் அடுத்த ஆறு மாதத் திட்டத்தில் இருப்பார்தானே?’ என்கிறார். உண்மையைச் சொன்னால் நட்புக்குத் துரோகம், மறைத்தால் வேலைக்குத் துரோகம். தமிழில் இதன் பெயர் தர்மசங்கடம். இரண்டு தர்மங்கள் மோதிக்கொள்ளும் இடத்தில் நிற்பவனின் சங்கடம் என்று அந்தச் சொல்லே விளக்கிவிடுகிறது. ஆகவே தர்மசங்கடம் என்ற பெரிய சொல்லை லிஃப்ட் அமைதிக்குச் செலவு செய்யாதீர்கள், இந்த மாதிரி இடத்துக்கு எடுத்து வையுங்கள்.

‘ஆக்வர்ட் ஏஜ்’ என்பதைப் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. குழந்தையும் இல்லை, பெரியவரும் இல்லை, குரல் உடைகிறது, கைகால் திடீரென்று நீளமாகிவிட்டது, எங்கே உட்கார்ந்தாலும் இடிக்கிறது. நாம் இதை ‘ரெண்டுங்கெட்டான் வயசு’ என்று சொல்லி வருகிறோம். உடம்பின் பொருத்தமின்மையும் மனசின் பொருத்தமின்மையும் ஒரே நேரத்தில் வரும் காலம் அது, அதனால்தான் ஆங்கிலத்திலும் இந்தச் சொல் அங்கே இவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

எழுவாயில்தான் சிக்கல்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஆக்வர்ட்டை எதன் மேல் ஏற்றிச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அர்த்தம் புரண்டுவிடும்.

‘இட் வாஸ் ஆக்வர்ட்’ என்றால் நிலைமை சங்கடமாக இருந்தது. ‘ஐ ஃபெல்ட் ஆக்வர்ட்’ என்றால் எனக்கு அந்த நேரத்தில் ஒரு மாதிரியாக இருந்தது. ‘ஐ ஆம் ஆக்வர்ட்’ என்றால் என் சுபாவமே அப்படி, நாலு பேரோடு இயல்பாகப் பழக வராது. முதல் இரண்டும் வந்து போகிற மழை, மூன்றாவது அந்த ஊரின் தட்பவெப்பம். ‘இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கிறது’ என்று சொல்ல நினைத்து ‘ஐ ஆம் ஆக்வர்ட் டு ஆஸ்க் திஸ்’ என்று எழுதுவது நம்மிடையே நிறைய நடக்கிறது. ‘ஐ ஃபீல் ஆக்வர்ட் ஆஸ்கிங் திஸ்’ என்று எழுத வேண்டும், அல்லது ‘இட்ஸ் ஆக்வர்ட் டு ஆஸ்க், பட்’ என்று தொடங்கலாம்.

அடுத்தவரைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் கவனம் தேவை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இதில் வழுக்கினேன். ஒரு வாடிக்கையாளர் கூட்டத்தில் எங்கள் குழுத் தலைவியிடம், அவருக்கே அதுவரை யாரும் சொல்லாத ஒரு மாற்றத்தைப் பற்றி எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டுவிட்டார்கள். அவர் காகிதத்தைப் புரட்டினார், தண்ணீர் குடித்தார், பிறகு ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்றார். எனக்கு அவரை நினைத்து வருத்தமாக இருந்தது. சாயங்காலம் ஆறுதலாக ஒரு மெசேஜ் அனுப்பினேன்: ‘சாரி, யூ வேர் வெரி ஆக்வர்ட் இன் த மீட்டிங்.’ பாவம், இப்படி மாட்டிக்கொண்டீர்களே என்று சொல்வதாக நினைத்துக்கொண்டேன். அவர் படித்தது வேறு. நீங்கள் கூட்டத்தில் சரியாக நடந்துகொள்ளவில்லை, பார்க்கவே சகிக்கவில்லை என்று ஒரு புதுப் பையன் எழுதியதாக அவருக்குப் பட்டது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் தெரிந்து நேரில் போய் விளக்கிய பிறகுதான் அவர் முகம் இளகியது. நான் எழுதியிருக்க வேண்டியது ‘தட் மஸ்ட் ஹாவ் பீன் ஆக்வர்ட் ஃபார் யூ’. ‘ஃபார்’ என்ற ஒரு சின்னச் சொல் சங்கடத்தை ஆளிடமிருந்து எடுத்து நிலைமையின் மேல் வைத்துவிடுகிறது.

ஆக்வர்ட்டின் பெரிய குணமே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். நிலைமையின் மேல் வைத்தால் அது யாரையும் குற்றம் சொல்லாது. ‘யூ புட் மி இன் ட்ரபிள்’ என்று சொன்னால் சண்டை. ‘திஸ் புட்ஸ் மி இன் அன் ஆக்வர்ட் பொசிஷன்’ என்று சொன்னால் எதிரே இருப்பவர் தற்காப்புக்குப் போகாமல் காது கொடுப்பார். மறுக்க வேண்டிய மின்னஞ்சல்களில், பணம் திருப்பிக் கேட்கிற மெசேஜில், நண்பரின் தவறைச் சுட்டிக்காட்டும் இடத்தில் இந்தத் தொடரை நான் நிறையப் பயன்படுத்துகிறேன், ஒருமுறைகூட அது காரியத்தைக் கெடுத்ததில்லை.

கிளம்சி, எம்பாரஸ்ட், ஷை

இவற்றோடு குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம் என்பதால் வேரைப் பிடித்தே பிரித்துக் காட்டுகிறேன். கிளம்சி என்ற சொல் குளிரில் மரத்துப்போவதைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்தது. விறைத்த விரலால் பட்டன் போட முடியுமா? முடியாது, நழுவும். ஆகவே கிளம்சி என்றால் கைக்கு வந்தது கீழே விழும், மேசையில் இடிக்கும், கோப்பை உடையும். எம்பாரஸ் பிரெஞ்சு வழியாக வந்தது, வழியைக் குறுக்கே அடைப்பது அதன் பழைய பொருள். ஏதோ ஒன்று நடந்துவிட்டது, நாலு பேர் பார்த்துவிட்டார்கள், பேச்சு தொண்டையில் அடைத்துக்கொண்டது, முகம் சிவந்தது. தமிழில் ‘அசடு வழிய’ நின்றான், ‘மானம் போச்சு’ என்பதெல்லாம் இந்தப் பக்கம்.

ஒரே காட்சியில் வைத்துப் பார்க்கலாம். மேடையில் பரிசு வாங்கப் போகிறவர் படியில் கால் இடறி மைக்கைத் தட்டிவிடுகிறார். இடறியது கிளம்சி. கூட்டம் சிரித்ததும் அவருக்கு வந்தது எம்பாரஸ்மென்ட். அடுத்து, பரிசு கொடுக்க வந்தவர் சிரிப்பதா கை கொடுத்துத் தூக்குவதா என்று தெரியாமல் பரிசைப் பிடித்தபடி நிற்கிறாரே, அவருக்கும் சேர்த்து அந்த அரங்கம் முழுக்கப் பரவியது ஆக்வர்ட். எம்பாரஸ்மென்ட் ஒருவருடையது, ஆக்வர்ட் பெரும்பாலும் அங்கே இருக்கும் எல்லோருடையதும்.

ஷை என்பது கூச்ச சுபாவம். கூச்சம் உள்ளவர் பேசாமல் ஒதுங்கி இருக்கலாம், யாருக்கும் எந்த நெருடலும் இருக்காது. ‘சோஷியலி ஆக்வர்ட்’ என்பது வேறு, அவர் நிறையவே பேசலாம், ஆனால் எப்போது நிறுத்துவது, எவ்வளவு நெருங்கி நிற்பது, எந்த இடத்தில் சிரிப்பது என்பவை பிடிபடாமல் இருக்கும். இதைத் தன்னைப் பற்றி ஒருவர் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவர் மேல் முத்திரையாகக் குத்துவதை நான் விரும்புவதில்லை, அது ஆளைச் சுருக்கிவிடுகிறது.

ஆஷேம்ட் இதில் எதுவுமே இல்லை, அது தப்பு செய்த குற்ற உணர்வு. அதை ஆக்வர்ட் என்று மழுப்பக் கூடாது.

முரண்டு பிடிக்கிறவர்கள்

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இன்னொரு பொருள் இருக்கிறது, அமெரிக்கப் படங்கள் மட்டும் பார்த்து ஆங்கிலம் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். ‘டோன்ட் பி ஆக்வர்ட்’ என்று ஒருவர் சொன்னால் கூச்சப்படாதே என்று தேற்றுகிறார் என்று நினைப்போம். அப்படி இருக்கத் தேவையில்லை. ‘முரண்டு பிடிக்காதே, வேண்டுமென்றே இழுத்தடிக்காதே’ என்று கண்டிக்கிறார். ‘அன் ஆக்வர்ட் கஸ்டமர்’ என்றால் சமாளிக்கக் கடினமான ஆள், அவர் கடைக்கு வந்த வாடிக்கையாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இங்கேயும் அதே கேள்விதான் உதவும்: எல்லோரும் ஒரு பக்கம் போக, இவர் எதிர்ப்பக்கம் இழுக்கிறார்.

‘ஆக்வர்ட் ஸ்குவாட்’ என்ற தொடரும் அங்கே பிரபலம். பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்து, அணிவகுப்பில் இன்னும் கால் சேராதவர்களைத் தனியாக நிறுத்திப் பயிற்சி கொடுப்பார்கள், அந்தக் குழுவுக்கு வைத்த பெயர். 1796-ல் இறந்த ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் ஒரு தன்னார்வப் படையிலும் இருந்தவர். என் கல்லறை மேல் அந்த ஆக்வர்ட் ஸ்குவாடைச் சுட விடாதீர்கள் என்று மரணப் படுக்கையில் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. இன்று பிரிட்டிஷ் செய்திகளில் கட்சி சொல்வதைக் கேட்காமல் எதிர்த்து வாக்களிக்கும் எம்.பி.க்களைச் சுட்டவே இந்தத் தொடரை அதிகம் பார்க்கலாம்.

சொல்லிப் பழக

உச்சரிப்பில் அழுத்தம் முழுவதும் முதல் அசையில். ‘ஆக்’ நீளமாக, ‘வர்ட்’ மெலிதாக, விழுங்கியது போல. ‘வார்ட்’ என்று நீட்டினால் மருத்துவமனை வார்டு போல ஒலிக்கும். பிரிட்டிஷ்காரர்கள் முதல் ஒலியைக் கொஞ்சம் ‘ஓ’ பக்கம் சாய்த்து, ர ஒலியைக் கேட்காமலேயே விட்டுவிடுவார்கள், கிட்டத்தட்ட ‘ஓக்வட்’. எழுத்துக்கூட்டலில் முதல் டபிள்யூவை விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. கே-க்கு இரண்டு பக்கமும் டபிள்யூ காவல் நிற்கிறது என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும். உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் ‘அன்’ வரும், ‘எ’ வராது.

‘ஐ ஃபீல் ஆக்வர்ட்லி’ என்று எழுதாதீர்கள், ஃபீலுக்குப் பின்னால் ஆக்வர்ட் மட்டும்தான். செயல் நடந்த விதத்தைச் சொல்லும்போதுதான் ஆக்வர்ட்லி வரும்: சிரித்தார், நின்றார், விழுந்தார், கேள்வியை அமைத்தார். ‘ஹி ஸ்மைல்ட் ஆக்வர்ட்லி’ என்றால் நெளிந்துகொண்டே சிரித்தார். ஒப்பிட ‘மோர் ஆக்வர்ட்’. பெயர்ச்சொல் ஆக்வர்ட்னெஸ். கருவியோடு ‘வித்’ வரும், நபர்களோடு ‘வித்’, ‘அரவுண்ட்’ இரண்டும் வரும், விஷயத்தோடு ‘அபவுட்’ வரும். ‘ஷி இஸ் ஆக்வர்ட் அரவுண்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’, ‘ஹி ஃபெல்ட் ஆக்வர்ட் அபவுட் த மணி’ என்று இரண்டு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பழகிவிடும். இளைஞர்கள் பேச்சில் ‘ஆக்வர்ட்’ என்ற ஒற்றைச் சொல்லே வாக்கியமாகிவிடும், முதல் அசையைப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்வார்கள். நண்பர்களுக்குள் சரி, அலுவலகக் கூட்டத்தில் வேண்டாம்.

எழுத்துக்கும் இந்தச் சொல் உண்டு. ஆங்கிலக் கட்டுரை திருத்துகிறவர்கள் ஓரத்தில் ‘ஆக்’ என்று மட்டும் சுருக்கமாகக் குறித்துவிட்டுப் போவார்கள். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் வாக்கியம் நெருடுகிறது, மாற்றி எழுது என்று பொருள். எப்போதோ வழக்கிலிருந்து போய்விட்டதாக நாம் நினைத்த அந்தப் பழைய ‘ஆக்’ சிவப்பு மையில் தனியாக வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இன்றைக்கே நீங்கள் செய்து பார்க்கச் சிலவற்றைத் தருகிறேன். வீடியோ அழைப்பில் நீங்கள் மைக்கை ஆன் செய்ய மறந்து இரண்டு நிமிடம் பேசியிருக்கிறீர்கள், மற்றவர்கள் சைகை காட்டுகிறார்கள். இதை எப்படிச் சொல்வீர்கள்? முகம் சிவந்ததைச் சொல்வதென்றால் எம்பாரஸ்ட், அப்புறம் யாரும் எங்கிருந்து தொடர்வது என்று தெரியாமல் இருந்த இடைவெளியைச் சொல்வதென்றால் ‘தேர் வாஸ் அன் ஆக்வர்ட் பாஸ்’. பிரிந்துபோன இரண்டு நண்பர்களையும் ஒரே விழாவுக்கு அழைக்க வேண்டியிருக்கிறது: ‘இட்ஸ் கோயிங் டு பி ஆக்வர்ட்’, தமிழில் ‘ஏடாகூடமாகத்தான் இருக்கப் போகிறது’. அலமாரியின் மேல்தட்டில் மூலையில் இருக்கும் பெட்டி: ‘இட்ஸ் ஆக்வர்ட் டு ரீச்’, எட்டி எடுக்க வாட்டமில்லை. கடன் வாங்கியவர் எதிரே வருகிறார், கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இதில் ‘ஐ ஆம்’ போடுவீர்களா, ‘ஐ ஃபீல்’ போடுவீர்களா? ‘ஐ ஃபீல்’தான். கேட்டே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், ‘திஸ் இஸ் எ பிட் ஆக்வர்ட், பட்’ என்று தொடங்கி, அதற்குப் பின்னால் தொகையையும் தேதியையும் நேராகச் சொல்லிவிடுங்கள். தொடக்கத்தில் அந்த ஒரு முறை போதும், வாக்கியத்துக்கு வாக்கியம் ஆக்வர்ட் என்று சொன்னால் கேட்கிறவருக்கும் ஒரு மாதிரியாகிவிடும்.